த்ரீ பாடி பிராப்ளம்: நாவல் படித்தவர்கள் தொடரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

ஈசூன் வாசகன்

வேற்றுக்கிரகத்தார் பூமியை நோக்கி வருவதைப் பற்றிச் சீன எழுத்தாளர் லியூ சிசின் எழுதிய நாவலைப் (மூன்று புத்தக வரிசையில் முதலாவது) படித்துவிட்டு நெட்ஃபிளிக்ஸ் தொடரின் எட்டுப் பகுதிகளையும் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். அலுவலகத்தில் சீன நண்பர்களிடம் பேச்செடுத்தால், அதே நாவலைச் சீன நிறுவனம் டென்சென்ட் எடுத்த முப்பது பகுதித் தொடர்தான் உசத்தி என்று சண்டைக்கு வருகிறார்கள். வீட்டில் கேட்டால் 'கிராஃபிக்ஸ் நல்லாருந்துச்சு' என்பதோடு சரி. தமிழில் நாலு பேரோடு இதைப் பேச வேண்டும் என்று ஆசை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர் மோசமில்லை. ஆனால் நாவல் கொடுத்த பயம் அதில் இல்லை.

புத்தகத்தில் வாங் மியாவ் என்று ஒரு நானோ பொருள் ஆய்வாளர். மனைவி, மகன் உண்டு. சில பக்கங்கள் வருவார்கள், அப்புறம் காணாமல் போய்விடுவார்கள். ஆசிரியருக்கு அவர்கள்மேல் அக்கறையே கிடையாது. ஆனால் அந்தப் புகைப்படக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வாங் மியாவ் ஃபிலிம் கேமராவில் எடுத்த படங்களைக் கழுவிப் பார்க்கிறார். ஒவ்வொன்றிலும் எண்கள், குறைந்துகொண்டே வருகின்றன. கேமராவில் கோளாறா என்று பார்க்க, மனைவியையும் மகனையும் எடுக்கச் சொல்கிறார். அவர்கள் எடுத்த படங்களில் ஒன்றுமில்லை. இவர் எடுத்தவற்றில் மட்டும் எண்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. சாத்தியமான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, விளக்கமே இல்லாத இடத்தில் ஆளைத் தனியாக நிறுத்திவிடுகிறார் லியூ. தொடரில் ஆகி (Auggie) என்ற பெண் ஆய்வாளரின் கண்முன்னே எண்கள் நேராக வந்து மின்னுகின்றன. திடுக்கிடுகிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் தொடர் புதிதாகச் சேர்த்த அந்த ஆக்ஸ்ஃபர்டு நண்பர்கள் ஐவர். வாங் மியாவின் வேலையைப் பிரித்து, நானோ இழையை ஆகிக்கும், வேற்றுக்கிரகத்தாரின் உலகைக் காட்டும் கணினி விளையாட்டை ஜின்னுக்கும் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் புத்தகத்தின் நாயகன் சால் (Saul) என்று பெயர் மாறிவிட்டான். மூன்றாம் புத்தகத்தில் வரவேண்டியவன் வில் (Will) என்ற பெயரில் முதல் சீசனுக்கே வந்துவிட்டான். உலகத்தின் தலையெழுத்தை எழுதப்போகிறவர்கள் எல்லாரும் ஒரே பேராசிரியையிடம் படித்து, ஒரே மதுக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிரபஞ்சம் இவ்வளவு சிறியதா?

தோ பாயோ அக்கா

தம்பி, ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்களே!

முதல் புத்தகத்தில் யே வென்ஜியேயைத் தவிர ஒருவரும் மனிதராக எழுந்து நிற்கவில்லை. சரி, போலீஸ்காரர் ஷி சியாங்கையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் எல்லாம் விளக்கம் சொல்ல வந்தவர்கள். ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் இரண்டு பக்கத்துக்குப் பதில் சொல்வார். தொடர்ந்து படித்தேன் என்றால் அது யே வென்ஜியேக்காக. சீனக் கலாச்சாரப் புரட்சியில் அப்பாவை மேடையில் நிறுத்தி அடித்துக் கொல்வதைக் கண்ணால் பார்த்த பெண், பிற்காலத்தில் வேற்றுக்கிரகத்துக்குப் பதில் அனுப்பும் ஒரு பொத்தானை அழுத்துகிறாள். 'பதில் அனுப்பாதே' என்று அந்தப் பக்கத்திலிருந்தே எச்சரிக்கை வந்த பிறகும் அனுப்புகிறாள். ஏன் அனுப்பினாள் என்பதில்தான் நாவல் இருக்கிறது. உங்கள் கேமராவில் இல்லை.

அந்தப் பெண்ணைத் தொடர் கைவிடவில்லை. இளவயதில் ஸைன் செங், முதுமையில் ரோசலிண்ட் சாவ். இருவருமே ஒரு சொல் அதிகம் பேசவில்லை. அந்த முகமே போதும்.

வில்லைப் பற்றி அப்புறம் வருகிறேன். அரிசி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மட்டுறுத்துநர்

இரண்டாம், மூன்றாம் புத்தகங்களில் நடப்பதை எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள். நூலகத்தில் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்களும் இதைப் படிக்கிறார்கள்.

பாசிர் பாஞ்சாங் நைட் ஷிஃப்ட்

துறைமுகத்தில் வேலை. அதனால் எனக்கு ஐந்தாம் பகுதிதான். பனாமா.

பார்க்காதவர்களுக்காக: வேற்றுக்கிரகத்தாரோடு தொடர்பு வைத்திருக்கும் கூட்டம் 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற கப்பலில் இருக்கிறது. அவர்களுக்கு வந்த செய்திகள் எல்லாம் அதில் உள்ள கணினியில். கப்பலைத் தாக்கினால் அழித்துவிடுவார்கள். அழிக்க நேரம் கொடுக்காமல் எல்லாரையும் ஒரே சமயத்தில் கொல்ல வேண்டும். அதற்காகப் பனாமா கால்வாயின் குறுகிய பகுதியில், இரு கரைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகளைக் குறுக்கே கட்டுகிறார்கள். கப்பல் தானாக வந்து அதற்குள் நுழைகிறது.

புத்தகத்தில் இந்த யோசனையைச் சொல்வது ஷி சியாங். மேலதிகாரிகள் முன்னால் சுருட்டு கேட்டு வாங்கிக்கொண்டு சொல்கிறார். பிறகு நடக்கும் ஆலோசனைதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இழைக்கும் இழைக்கும் இடைவெளி அரை மீட்டர். அப்படியானால் இரவில் செய்யக்கூடாது, பகலில்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஏன்? இரவில் ஆட்கள் படுத்திருப்பார்கள், அரை மீட்டர் இடைவெளியில் தப்பிவிடலாம். பகலில் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருப்பார்கள். ஏதோ சரக்கு அட்டவணை போடுவதுபோல இதைப் பேசிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் குரலும் நடுங்கவில்லை.

தொடரில் அந்தக் கப்பலில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். ஆகி பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அவள் செய்த இழை. அதற்கப்புறம் அவளால் அந்த வேலையில் இருக்க முடியவில்லை. எது சரி என்று கேட்டால், ஈசூன்காரருக்குப் புத்தகம், அக்காவுக்குத் தொடர் என்று இருக்கும். எனக்கு முதலில் வந்த கேள்வி வேறு. பனாமாவில் நுழையும் கப்பலை அந்தக் கப்பலின் கேப்டன் ஓட்டுவதில்லை. கால்வாயின் பைலட் ஏறி, கப்பல் செலுத்தும் பொறுப்பு முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வார். நம் துறைமுகத்திலும் பைலட் ஏறுவார், ஆனால் பொறுப்பு கேப்டனிடமே இருக்கும். பனாமாவில் அப்படி இல்லை. அந்த ஆள் காலையில் வேலைக்கு வந்தவர். அவருக்கும் இந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

(சிங்கப்பூர் நீரிணையில் இந்த வேலை நடக்காது. பிலிப் கால்வாய்ப் பக்கம் மிகக் குறுகிய இடமே கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர். ஆகி எவ்வளவு இழை நூற்றாலும் கட்டுப்படியாகாது.)

இன்னொன்று. அந்த நடவடிக்கையில் இருக்கும் கடற்படை அதிகாரி ராஜ் வர்மா, ஜின்னின் காதலன். நம்ம ஊர் முகம் ஒன்று வருகிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். செய்கிற வேலையைப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டேன்.

ஈசூன் வாசகன்

அண்ணே, அந்தப் பைலட் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

ஆனால் நீங்கள் சொன்ன பகல்-இரவு ஆலோசனைதான் என் வாதமும். புத்தகத்தில் யாரும் அழவில்லை, அதனால் அழவேண்டியது நாம் என்று ஆகிறது. தொடரில் ஆகி நமக்காக அழுதுவிடுகிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் 'பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறோம்.

தோ பாயோ அக்கா

நான் போகவில்லை. நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் பார்த்தேன். யாருமே அழாத புத்தகத்தைப் படிக்கும்போது 'ஆகா, என்ன சாமர்த்தியமான திட்டம்' என்றுதான் எனக்குத் தோன்றியது. அது எனக்கே பிடிக்கவில்லை.

தெக்கோங் தம்பி

தேசிய சேவையில் இருக்கிறேன். முதல் புத்தகம் முடிந்தது, தொடரும் முடிந்தது. எனக்குத் தொடர்தான்.

நட்சத்திரங்கள் கண் சிமிட்டும் காட்சி ஒன்று போதும். புத்தகத்தில் வாங் மியாவ் தனியாக ஒரு கோளரங்கத்துக்குப் போய், விசேஷக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு மின்னுவதைப் பார்க்கிறார். தொடரில் உலகமே அண்ணாந்து பார்க்கிறது. ஈசூன் அண்ணன் தனிமை தனிமை என்கிறார். உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்தும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது அதைவிடப் பயம் இல்லையா?

ஆனால் ஒன்று, இங்கே நடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சிங்கப்பூர் வானத்தில் நட்சத்திரம் சிமிட்டினால் என்ன, சிமிட்டாவிட்டால் என்ன? முகாமில் காவல் பணியில் நின்றபோது எண்ணிப் பார்த்திருக்கிறேன். இரண்டு கை விரல் போதும்.

கிளமெண்டி மின்பொறி

அறிவியலைப் பற்றி யாரும் பேசவில்லையே.

மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு சுற்றினால் அவற்றின் பாதையைப் பொதுவான ஒரு சூத்திரத்தில் அடக்க முடியாது என்பது உண்மை. பாயின்கரே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தக் குழப்பத்தைக் கண்டுவிட்டார். தொடக்கத்தில் துளி மாறினாலும் போகப்போகப் பாதை முற்றிலும் வேறாகிவிடும். அதனால் மூன்று சூரியன்கள் உள்ள கிரகத்தில் நாளை விடியுமா என்றே கணிக்க முடியாது. அங்கே பிழைக்க வேண்டுமென்றால் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றி, சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அடித்தளம் அபாரம்.

ஆனால் நாவல் அந்தக் கிரகத்தை வைக்கும் ஆல்ஃபா சென்டாரி, நம் பக்கத்து விண்மீன் கூட்டம், உண்மையில் அப்படி இல்லை. அதில் ஏ, பி என்ற இரண்டு விண்மீன்கள் சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. மூன்றாவதான பிராக்ஸிமா வெகுதூரத்தில் தன்பாட்டுக்கு இருக்கிறது. அமைதியான குடும்பம். நாவலில் வரும் ரகளை அங்கே கிடையாது.

அடுத்து சோஃபான், வேற்றுக்கிரகத்தாரின் உளவுக் கருவி. ஒரு புரோட்டானை விரித்து, அதில் கணினியைப் பதித்து, மறுபடி மடித்துப் பூமிக்கு அனுப்புகிறார்கள். அது நம் துகள் முடுக்கிகளுக்குள் புகுந்து சோதனை முடிவுகளைக் கெடுக்கிறது. அவர்கள் வந்துசேர 400 ஆண்டு ஆகும், அதற்குள் நாம் முன்னேறிவிடக் கூடாது. இந்த யோசனைக்கு எழுந்து நின்று கை தட்டுவேன். படை அனுப்புவதற்கு முன்னால் எதிரியின் ஆராய்ச்சிக் கூடத்தை மூடுவது! ஆனால் தூரத்தில் இருந்தாலும் இரண்டு துகள்கள் இணைந்திருக்கும் குவாண்டம் பிணைப்பை வைத்து நான்கு ஒளியாண்டுக்கு அப்பால் உடனுக்குடன் பேசுகிறார்கள் என்பது ஏமாற்று வேலை. பிணைப்பால் செய்தி அனுப்ப முடியாது. ஆசிரியர் ஷான்சி மாநிலத்தில் மின்நிலையத்தில் கணினிப் பொறியாளராக இருந்தவர், இது தெரிந்தேதான் செய்திருப்பார். கதைக்கு வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார். நம்ம துறைக்காரர் என்பதால் மன்னிக்கிறேன்.

எனக்குப் பிடித்த பகுதி, அந்த விளையாட்டுக்குள் வரும் மனிதக் கணினி. சின் ஷி ஹுவாங் பேரரசரின் படையில் மூன்று கோடி வீரர்கள் கறுப்புக் கொடி, வெள்ளைக் கொடி பிடித்து நிற்பார்கள். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு லாஜிக் கேட், அதாவது கணினியின் அடிப்படைக் கூறு: இருவர் உள்ளீடு, ஒருவர் வெளியீடு. இரண்டு வெள்ளைக் கொடி உயர்ந்தால் மட்டும் நானும் வெள்ளையை உயர்த்துவேன், அவ்வளவுதான் என் வேலை. புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளை வைத்து இதைச் செய்து பார்த்தோம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளுக்குப் பாடப்புத்தகத்தில் பிடிபடாதது அங்கே பிடிபட்டது. தொடரில் பேரரசர் குப்லாய் கானாக மாறிவிட்டார், காட்சியும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பேராசை பிடித்த இயக்குநர் யாராவது இதற்கே ஒரு முழுப் பகுதி எடுத்திருக்க வேண்டும்.

பொங்கோல் மாப்பிள்ளை

மின்பொறி சார், அந்தக் காட்சியைப் புத்தகத்தில் உள்ளபடி எடுத்திருக்கிறார்கள். டென்சென்ட்டில் பாருங்கள்.

என் மனைவி சீனர். 2023 ஜனவரியில் அது வந்தபோது மாமியாரோடு சேர்ந்து முப்பது பகுதியும் பார்த்தோம். அவர்கள் மாண்டரினில், நான் எழுத்தைப் படித்துக்கொண்டு. ஈசூன் அண்ணன் கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது. கேமரா, இருட்டறை, கோளரங்கம், பேரரசர், எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. வாங் மியாவாக ஜாங் லூயி, ஷி சியாங்காக யூ ஹெவெய். இந்த இரண்டு பேரும் நடைபாதையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பேசினாலே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் இழுவை. ஐயோ, இழுவை. வாங் மியாவ் கார் ஓட்டுவார், யோசிப்பார், நடப்பார், யோசிப்பார். மாமியார் நடுவில் எழுந்து சூப் வைத்துவிட்டு வருவார், கதை அங்கேயே இருக்கும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. யே வென்ஜியேயின் அப்பாவுக்கு சிங்ஹுவா பல்கலைக்கழக மைதானத்தில் நடந்ததை நெட்ஃபிளிக்ஸ் எடுத்த எடுப்பிலேயே காட்டுகிறது, தயங்காமல். டென்சென்ட்டில் அந்த வேகம் இல்லை, மழுப்பித்தான் போகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. சீனப் பதிப்பில் அந்த அத்தியாயங்கள் நடுவில் இருக்கின்றன. 2014இல் கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோதுதான், ஆசிரியரின் சம்மதத்தோடு, அவை முன்னால் வந்தன. அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கியது அந்தப் பதிப்பு. ஆக, நாம் ஆங்கிலத்தில் படித்த வரிசை வேறு, மாமியார் படித்த வரிசை வேறு. அவருக்கு இது முதலில் ஒரு துப்பறியும் கதை. நமக்கு முதலில் ஒரு மகளின் கதை. அதனால்தான் அக்காவும் அண்ணனும் ஒத்துப்போகவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நெட்ஃபிளிக்ஸ் பற்றி மாமியாரிடம் கேட்டேன். 'ஏன் எல்லாரும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள்?' என்றார். என்னிடம் பதில் இல்லை.

பழைய விகடன்

எழுபதை நெருங்கும் ஆள், பிள்ளைகளோடு உட்லண்ட்ஸில் இருக்கிறேன். உங்கள் சண்டையை ரசித்துப் படித்தேன். இது எங்கள் காலத்துச் சண்டைதான்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. கதை நடப்பது 2021இல். அப்போது அது எவ்வளவு தூரம்! வந்து போயும் விட்டது. குழந்தை பெற அரசாங்க அனுமதி, பெயருக்கு இரண்டு எழுத்துக்குமேல் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே ஜீவா என்று ஒரு தலைவர். நடுவில் நிலா என்ற பெண்ணும் ஜீனோ என்ற இயந்திர நாயும். பிற்பாடு தூர்தர்ஷனில் தொடராக எடுத்தார்கள். ஊரே காத்திருந்தது. ஜீனோ பேசினால் எப்படி இருக்கும் என்று என் மனதில் ஒரு குரல் இருந்தது. கொஞ்சம் திமிர், கொஞ்சம் படிப்பு. தொலைக்காட்சியில் வந்தது அந்தக் குரல் இல்லை. வேறு யார் பேசியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் கவனியுங்கள். சுஜாதாவும் பொறியாளர்தான், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்தவர். சர்வாதிகாரம், முகப்படமாகவே ஆளும் தலைவன் என்று எவ்வளவோ யோசனைகளை வைத்தார். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் என்ன சொல்கிறார்கள்? ஜீனோ. யோசனைகளை மறந்துவிட்டோம், நாய்க்குட்டியை மறக்கவில்லை. இது அக்கா பக்கம் ஓர் ஓட்டு.

ஈசூன் வாசகன்

ஐயா, ஜீனோ நாவலிலேயே இருந்தான். தொடர் எடுத்தவர்கள் கொண்டுவந்து சேர்க்கவில்லை. என் புகார் அதுதானே. லியூவிடம் இல்லாத நண்பர் கூட்டத்தை ஏன் நட வேண்டும்?

செங்காங் புதுசு

நான் எதையும் படிக்கவில்லை, பார்க்கவில்லை. எதில் தொடங்கலாம்? நூலகத்தின் லிபி (Libby) செயலியில் மின்நூல் தேடினேன், வரிசை நீளமாக இருக்கிறது.

பொங்கோல் மாப்பிள்ளை

நெட்ஃபிளிக்ஸ் முதல் பகுதி பாருங்கள். பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் புத்தகம். மின்நூலுக்கு வரிசை என்றால் அச்சுப் பிரதியை நூலகத்தில் தேடுங்கள், பக்கத்து வட்டாரக் கிளையில் சும்மா கிடக்கும். டென்சென்ட் நீண்ட விடுமுறைக்கு.

தோ பாயோ அக்கா

(மூன்றாம் புத்தகத்தில் நடப்பதைச் சொல்கிறேன். படிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.)

வில்லைப் பற்றி வருகிறேன் என்றேன். சாகப்போகிற ஒருவன். கையில் எதிர்பாராமல் பணம் வருகிறது. மருத்துவத்துக்கு இனி பயனில்லை. கல்லூரியிலிருந்து மனதில் வைத்திருந்த பெண்ணுக்குப் பெயரைச் சொல்லாமல் ஒரு நட்சத்திரம் வாங்கிக் கொடுக்கிறான். அப்புறம் அவன் மூளையை மட்டும் எடுத்து, வருகிற எதிரிகளை நோக்கி விண்வெளிக்கு அனுப்புகிறார்கள். கேட்பது யார்? அதே பெண். தொடர்க்காரர்கள் கண்ணீருக்காகக் கட்டிய கதை என்று பலர் திட்டுவதைப் பார்த்தேன். தம்பி, இது லியூ எழுதியது. யுன் தியன்மிங் என்று மூன்றாம் புத்தகத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறான். அந்த ஆளுக்கு அக்கறையே இல்லை என்றீர்களே!

ஈசூன் வாசகன்

(நானும் அடுத்த புத்தகங்களைத் தொடுகிறேன்.)

தெரியும் அக்கா. அந்த இடத்தில் நானும் ஆடிப்போனேன். ஏனென்றால் அதற்கு முன்னால் இரண்டு புத்தகம் முழுக்க மனிதர்களைத் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்துவிட்டு வந்திருந்தேன். திடீரென்று ஒருவன் நட்சத்திரம் வாங்குகிறான். அந்த நட்சத்திரத்தைத் தொடர் முதல் சீசனிலேயே செலவழித்துவிட்டது.

இன்னும் இரண்டு சீசனுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இரண்டாம் புத்தகத்தின் உச்சம் உங்களுக்குத் தெரியும். மனிதர்கள் கட்டிய சுமார் 2000 போர்க்கப்பல்கள் அணிவகுத்து நிற்கின்றன. எதிரியிடமிருந்து வருவது நீர்த்துளி வடிவில் ஒரே ஒரு சிறிய பொருள். அது என்ன செய்கிறது என்று சொல்லமாட்டேன். அந்த அத்தியாயத்தில் நான் யாருக்காகவும் பயப்படவில்லை, மனித இனத்துக்காகப் பயந்தேன். அங்கே இந்த நண்பர்களை எந்த மூலையில் நிறுத்துவார்கள்?

தோ பாயோ அக்கா

டிங் யீயை மறந்துவிட்டீர்களா? நூற்றாண்டுகள் உறங்கி எழுந்த கிழட்டு இயற்பியலாளர். அந்தத் துளியைக் கிட்டப்போய்ப் பார்க்க லியூ அவரைத்தான் அனுப்புகிறார். அது இன்னதென்று முதலில் புரிவது அவருக்கு. அந்த ஒரு நிமிடம் நாம் அவர் கண்ணால் பார்க்கிறோம். உங்கள் ஆசிரியருக்கே ஒரு முகம் தேவைப்பட்டது.

ஈசூன் வாசகன்

சரி, டிங் யீயைத் தருகிறேன். ஒருவர்தான் அக்கா. ஐந்து பேர் இல்லை.

பாசிர் பாஞ்சாங் நைட் ஷிஃப்ட்

2000 கப்பலை அவ்வளவு நெருக்கமாக அணிவகுத்து நிறுத்த எந்தத் துறைமுக அதிகாரி ஒப்புக்கொண்டார் என்று அந்த அத்தியாயத்தை இப்போது திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.